கழுத்தில் நெறி கட்டி மூணு வாரமா கரையல, ஊசி டெஸ்ட் எடுக்கலாமா?

தங்கைக்கு 24 வயசு. வலது கழுத்தோரம் ரெண்டு நெறி, வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தும் குறையல. இப்போ எஃப்என்ஏசி (மெல்லிய ஊசியால நெறியிலிருந்து செல்களை உறிஞ்சி எடுத்துப் பார்க்கிற டெஸ்ட்) எடுக்கச் சொல்றாங்க. ஊசி குத்தினா பரவிடும்னு வீட்ல பயப்படறாங்க.

லேப்_ராஜா:
பரவாதுங்க. ரத்தம் எடுக்கும் ஊசியளவு மெல்லிசுதான், பத்து நிமிஷ வேலை. கவனிக்க வேண்டியது வேற. நம்ம ஊர்ல இந்த வயசுல வலியில்லாத நெறின்னா முதல்ல டிபியைத்தான் தேடணும். அதனால எடுக்கிற சாம்பிளில் கொஞ்சம் மைக்ராஸ்கோப்ல பார்க்கிற ஸ்லைடுக்கு, மீதி நார்மல் சலைனில் (உப்புத் தண்ணி) சிபிநாட்ங்கிற டிபி கிருமியோட மரபணுவைத் தேடற டெஸ்டுக்குப் போகணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. பயாப்சி (நெறியை வெட்டி எடுத்துப் பார்க்கிறது) ஆனாலும் இதேதான்: முழுசையும் ஃபார்மலினில் போட்டுட்டா கிருமி செத்துடும், அப்புறம் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கிறது) பண்ண வழியே இல்ல. இந்தத் தப்பு அடிக்கடி நடக்குது.

கீதா_அக்கா:
போறதுக்கு முன்னாடி தலையில பேன், புண், சொத்தைப் பல் இருக்கான்னு பாருங்கம்மா. காரணம் அங்கேயே இருக்கலாம். 1 செ.மீ.க்கு மேல, கல்லு மாதிரி, அசையாம, இல்ல காறை எலும்புக்கு மேல இருந்தா தள்ளிப்போடாதீங்க. எடை குறையறது, ராத்திரி உடுப்பு நனையற வேர்வை, இதையும் கேளுங்க. தினமும் அமுக்கிப் பார்த்தா அதுவே வீங்கும். ரிசல்ட் வரும் வரை ஸ்டீராய்டு வேண்டாம். லிம்போமாவா (நெறியில வர்ற புற்றுநோய்) இருந்தா தற்காலிகமா சுருங்கி பயாப்சியே குழப்பிடும். லீவோஃப்ளாக்சசின்ங்கிற ஆன்டிபயாடிக்கும் வேண்டாம், டிபியை அரைகுறையா அமுக்கி வைக்கும்.

லேப்_ராஜா:
அக்கா சொன்னதோட ஒண்ணு. ரிப்போர்ட்ல 'ரியாக்டிவ்'னு (சாதாரண வீக்கம்தான்னு அர்த்தம்) வந்து நெறி அப்படியே இருந்தா நிம்மதியா விட்டுடாதீங்க. லிம்போமா சந்தேகத்துக்கு ஊசி பத்தாது, ஒரு நெறியை முழுசா எடுத்துத்தான் பார்க்கணும்.

கேள்வி கேட்டவர்:
டிபின்னு வந்தா கீறி எடுத்துடலாமா?

கீதா_அக்கா:
கீறவே கூடாது. ஆறாத புண்ணாகி சீழ் வடிஞ்சுட்டே இருக்கும். சீழ் கட்டினா பக்கத்து நல்ல தோல் வழியா ஊசியில் உறிஞ்சுவாங்க. வழக்கமா 6 மாச மாத்திரை: முதல் 2 மாசம் நாலு மருந்து, அப்புறம் 4 மாசம் மூணு. அரசு மருத்துவமனையில இலவசம், சத்துணவுக்கு மாசம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாப் போகும், பயப்படாதீங்க. கண் மஞ்சளானா, பார்வை மங்கினா உடனே போங்க. நடுவுல நெறி பெருசாகலாம், புதுசும் வரலாம். மருந்து வேலை செய்யலன்னு நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க.