கிரோன் நோய்க்குக் கஞ்சா மருந்து உதவுமா?

மன்னார்குடிக்காரன்:
தம்பிக்கு நாலு வருஷமாகக் கிரோன் நோய், அதாவது குடலில் நாள்பட்ட அழற்சி. நடவு நேரத்தில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் வயலில் நிற்க முடியாமல் வரப்பிலேயே சுருண்டு உட்கார்ந்துவிடுகிறான், பார்க்க மனசு தாங்கவில்லை. கஞ்சா மருந்தில் குடல்நோய் குணமாகும் என்கிறார் ஒருவர். நிஜமா?

குடந்தை வாசகி:
அண்ணா, வலி குறைவது வேறு, குடல்புண் ஆறுவது வேறு. 2013இல் இஸ்ரேலில் 21 கிரோன் நோயாளிகளை வைத்து வந்த ஆய்வில், கஞ்சா எடுத்தவர்களில் பலருக்குத் தொந்தரவு குறைந்தது, பசியும் தூக்கமும் மேம்பட்டன, ஆனால் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதத்தின் அளவு குறிப்பிடும்படி மாறவில்லை. வலி அடங்கியதே என்று கிரோன் நோய்க்கான மாத்திரையை நிறுத்திவிட்டால் உள்ளே நோய் பாட்டுக்கு வளரும், என் பயமே அதுதான். மாத்திரையை மட்டும் நிறுத்த விடாதீர்கள்.

திருவாரூர் தம்பி:
அப்புறம் சட்டம். 1985 போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாப் பூ வைத்திருந்தாலே குற்றம். இலை அந்த வரையறையில் வராததால்தான் விஜயா என்ற பெயரில் ஆயுர்வேத மருந்துகள் வருகின்றன, அதையும் மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடாதீர்கள். வருஷக்கணக்கில் கஞ்சா எடுத்தவர்களில் சிலருக்கு ஓயாத வாந்தி வருவதும் உண்டு.

மன்னார்குடிக்காரன்:
சரி, வியாழக்கிழமை தஞ்சாவூரில் குடல் மருத்துவரிடம் இதையே கேட்கிறேன்.