புதுப்பிப்பு: மண்ணுக்கடியில் குழாய் புதைத்த பசுமைக்குடில்

மாடம்பாக்கம் வீட்டின் பின்புறப் பசுமைக்குடிலைக் குளிர்விக்க எட்டடி ஆழத்தில் பிவிசி குழாய் புதைத்து, அதன் வழியே மின்விசிறியால் காற்று விடப்போகிறேன் என்று மார்கழியில் எழுதியிருந்தேன். கத்திரி வெயில் முடிந்ததும் நிலவரம் சொல்லச் சொன்னீர்கள்.

ஐஸ்லாந்தில் பூமிக்கடியில் கிடைக்கும் வெந்நீரைக் குழாயில் விட்டுக் குடிலைச் சூடாக்கித் தக்காளி விளைவிக்கிறார்கள். நமக்கு வேண்டியது குளிர்ச்சி. சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். சென்னையில் அது 28, 29 டிகிரி. வெளியே 40 கொளுத்தும் மதியத்தில் குழாய் வாயில் கை வைத்தால் வேப்பமர நிழல் காற்று மாதிரி வருகிறது. மிளகாய் நாற்று மதியத்திலும் தலை தொங்காமல் நிற்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்!

கடற்காற்று வந்ததும் மின்விசிறியை நிறுத்திவிடுகிறேன். இரவில் வெளிக்காற்றும் மண்ணும் கிட்டத்தட்ட ஒரே சூடுதான், ஓட்டிப் பயனில்லை. தவிர, பகலெல்லாம் வெப்பத்தை வாங்கிய மண்ணுக்கும் ஓய்வு வேண்டும். ஈரமண் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் குழாய் போகும் வரிசையில் வாழை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறேன்.

அப்புறம், மழைக்காலம் பற்றிக் கேட்டவருக்கு: ஐப்பசி பிறக்கும் முன் குழாயின் இரண்டு வாயையும் மூடி போட்டு அடைத்துவிடுவேன். நிலத்தடி நீர் மேலே வந்தாலும் இணைப்புகள் கசியாதபடி ஒட்டியிருக்கிறது.