ஏழு வயதுப் பிள்ளைக்குக் கணினி: அலுமாரியில் பூட்டுவதா, அளவு வைத்துக் கொடுப்பதா?

மல்லாவிக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு மூன்று. கனடாவில் இருக்கும் என் அண்ணா தான் பாவித்த மடிக்கணினியைப் பிள்ளைகளுக்கென்று அனுப்பிவிட்டார். நான் காலையில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனால் பொழுது பட்டுத்தான் வருவேன். கணவர் கட்டாரில். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை என் அம்மாதான் பார்க்கிறா. தொடக்கத்தில் மகன் படம் கீறினான், பெயர் அடித்துப் பழகினான். இப்போது யூரியூப்பில் யாரோ கேம் விளையாடுவதைப் பார்ப்பதுதான் வேலை. நிறுத்தச் சொன்னால் அழுகை, சாப்பாட்டுக்கும் வராமல் அடம். பூட்டி வைத்துவிடலாமா, அல்லது நேரம் வைத்துக் கொடுக்கலாமா? பிள்ளை வளர்க்கிறவர்கள் சொல்லுங்கள்.

தருமபுரத்து அப்பா:
பூட்டி வையுங்கள் தங்கச்சி. யோசிக்கவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில், இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை பார்க்கக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று இருக்கிறது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாமாம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணித்தியாலமாவது ஓடியாடித் திரிய வேண்டும் என்றும் அதிலேயே சொல்கிறார்கள். எங்கள் ஊரில் வளவு இருக்கிறது, நிழல் இருக்கிறது. கிளித்தட்டு விளையாட ஆறு பிள்ளைகள் சேருவதுதான் இப்போது கஷ்டம். எல்லோரும் வீட்டுக்குள் ஏதோ ஒரு திரைக்கு முன்னால் இருக்கிறார்கள். கண்ணையும் யோசியுங்கள். பகல் வெளிச்சத்தில் வெளியே நிற்கும் நேரம் குறையக் குறையப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு கூடும் என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

கனகராயன்:
அண்ணை, நீங்கள் சொன்ன வழிகாட்டல் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு. தங்கச்சியின் மகனுக்கு ஏழு. 2020இல் வந்த அடுத்த வழிகாட்டல்தான் ஐந்து முதல் பதினேழு வயதுக்கு. அதில் பொழுதுபோக்குத் திரை நேரத்தைக் குறையுங்கள் என்று மட்டும் இருக்கிறது, இத்தனை மணி என்ற கணக்கு இல்லை. தினமும் சராசரியாக ஒரு மணித்தியாலம் உடம்பு அசைய விளையாட வேண்டும் என்பதைத்தான் எண்ணாகச் சொல்கிறார்கள்.

பூட்டி வைக்கும் யோசனையை நான் ஏற்க மாட்டேன். நாங்கள் குப்பி விளக்கில் படித்தவர்கள். போர்க்காலத்தில் வன்னியில் கணினியைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடியபோது பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. கருவி உள்ள வீட்டுப் பிள்ளை படித்தது, மற்றப் பிள்ளை பக்கத்து வீட்டுப் படலையில் போய் நின்றது. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. இவ்வளவும் தாண்டி ஒரு வீட்டுக்குக் கணினி வந்திருக்கிறது, அதைத் துணி சுற்றி வைக்கச் சொல்கிறீர்கள். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) ஒரு பாடம். கொழும்புப் பிள்ளையோடு எங்கள் பிள்ளையும் அதே தாளைத்தான் எழுதப் போகிறது.

தருமபுரத்து அப்பா:
ஐ.சி.ரி. படிப்பும் யூரியூப் பார்ப்பதும் ஒன்றா தம்பி? அந்தப் பெடியன் கேம் விளையாடக்கூட இல்லை, வேறு ஆள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பதினொரு வயதில் தொடங்கினாலும் கணினி பழகலாம். ஏழு வயதில் ஓடாத ஓட்டத்தைப் பிறகு எங்கே ஓடுவது?

பரந்தன் பெடியன்:
அக்கா, சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். இதைச் செய்யுங்கள். விண்டோஸில் மகனுக்குத் தனிக் கணக்கு திறவுங்கள். நிர்வாகி கணக்கின் கடவுச்சொல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். மைக்ரோசொப்ட் ஃபமிலி சேஃப்டி என்று ஒன்று இலவசமாக இருக்கிறது. எந்த நாளில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று அதில் குறிக்கலாம். நேரம் முடிந்தபின் அவன் கூடக் கேட்டால் கேள்வி உங்கள் ஃபோனுக்கு வரும், நீங்கள் தொழிற்சாலையில் இருந்தே ஆம், இல்லை என்று சொல்லலாம். கூடாத தளங்களைத் தடுக்க டிஎன்எஸ் (தளத்தின் பெயரைச் சொன்னால் அது இருக்கும் இடத்தைத் தேடித் தரும் சேவை) முகவரியை 1.1.1.3 என்று மாற்றுங்கள். கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனம் 2020இல் குடும்பங்களுக்கென்று தொடங்கியது, ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் தடுக்கும். யூரியூப்பில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தும் பொத்தான் இருக்கிறது, முதலில் அதை அணையுங்கள். பாதிப் பிரச்சினை அதில்தான்.

மல்லாவிக்காரி:
நன்றி தம்பி. ஆனால் வேலை செய்யும் இடத்தில் நாங்கள் ஃபோனை வெளியே எடுக்க முடியாது. அவன் நேரம் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. இன்னொன்று, வீட்டில் ரவுட்டர் இல்லை. பிள்ளைகள் தங்கள் அப்பாவோடு வீடியோவில் கதைக்க அம்மாவிடம் ஒரு ஃபோன் இருக்கிறது. அதில் ஹொட்ஸ்பொட் போட்டுத்தான் அவன் கணினிக்கு இணையம் எடுக்கிறான். அம்மாவுக்கு அது போடவும் தெரியாது, அணைக்கவும் தெரியாது.

பரந்தன் பெடியன்:
டிஎன்எஸ்ஸை ரவுட்டரில்தான் மாற்ற வேண்டும் என்றில்லை அக்கா, கணினியிலேயே மாற்றலாம். பிள்ளையின் கணக்கிலிருந்து அதைத் திருப்ப முடியாது. ஹொட்ஸ்பொட்டுக்கு, அம்மம்மாவின் ஃபோனுக்கே ஒரு பின் போடுங்கள்.

வவுனியா ரீச்சர்:
நான் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனால் எல்லாம் தாயின் கையில் இருக்கும் கட்டுப்பாடு. பின்னேரம் இரண்டு மணிக்கு அந்த வீட்டில் தாய் இல்லை. அங்கே இருப்பது அம்மம்மா. பின் போட்டால் அந்த எண்ணை அவவிடமே கேட்டு வாங்கிவிடுவான். பேரனுக்கு இல்லை என்று சொல்ல எந்த அம்மம்மாவுக்கு மனம் வரும்? ஆகவே அவ கண்ணால் பார்த்து, கையால் செய்யக்கூடியதை மட்டும் சட்டமாக வையுங்கள். அவவால் பிடிக்க முடியாத சட்டத்தை நீங்கள் எவ்வளவு கெட்டித்தனமாகப் போட்டாலும் இரண்டாம் கிழமை அது இருக்காது.

நான் சொல்வது இதுதான். கணினி அறைக்குள் வேண்டாம், விறாந்தை மேசையில், திரை அம்மம்மாவின் கதிரையைப் பார்த்தபடி இருக்கட்டும். பழைய மடிக்கணினி என்றால் பற்றரி ஒரு மணித்தியாலம் நின்றால் பெரிது. இரவில் நீங்கள் சார்ஜ் பண்ணி வையுங்கள். பகலில் சார்ஜரை அம்மம்மா தன் பெட்டிக்குள் வைக்கட்டும். பற்றரி முடிந்தால் முடிந்ததுதான். அவவோடு சண்டை பிடிக்க அவனுக்குக் காரணம் இல்லை.

இணையம் நீங்கள் வீட்டில் நிற்கும்போது மட்டும். மற்ற நேரத்துக்கு ஜிகொம்ப்ரிஸ் போட்டுக் கொடுங்கள். 2000ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் தொடங்கிய இலவச மென்பொருள் அது, இரண்டு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்கு. எண், எழுத்து, மவுஸ் பழக்கம், சதுரங்கம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் இருக்கின்றன. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும், விளம்பரம் இல்லை. படம் கீற டக்ஸ் பெயின்ட் என்ற மென்பொருள். எட்டு வயதானதும் ஸ்கிராட்ச் என்ற நிரலாக்க மென்பொருள். அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்டது, அதையும் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். அங்கே பிள்ளை தானே ஒரு கேமைச் செய்யும். கனகராயன் தம்பி சொல்லும் அறிவு அதில்தான் தொடங்குகிறது, மற்ற ஆள் விளையாடுவதைப் பார்ப்பதில் இல்லை.

பரந்தன் பெடியன்:
பற்றரி யோசனை நல்லது ரீச்சர். ஒன்று மட்டும். பற்றரி முடியும்போது ஹைபர்நேட் (திறந்திருப்பதையெல்லாம் சேமித்துவிட்டு அணைவது) ஆகும்படி பவர் அமைப்பில் மாற்றிவிடுங்கள் அக்கா. இல்லையென்றால் கீறிக்கொண்டிருந்த படம் அழிந்து, அதற்கே இன்னொரு அழுகை வரும்.

தருமபுரத்து அப்பா:
எல்லோரும் பெடியனைப் பற்றியே கதைக்கிறீர்கள். மூன்று வயது மகள்? விறாந்தையில் வைத்தால் அண்ணன் பார்க்கும் அவ்வளவு நேரமும் அவளும் பக்கத்தில் குந்தியிருப்பாள். அவனுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் அவளுக்கும் ஒரு மணித்தியாலம். அந்த வயதுக்கு உள்ள எல்லை முழுவதும் அதிலேயே போய்விடுகிறது, ரீவி இன்னும் போடவில்லை.

வவுனியா ரீச்சர்:
அண்ணை சொல்வது உண்மை, நான் அதை யோசிக்க வேண்டியிருந்தது. மகள் பின்னேரம் படுத்து எழும்பும் பிள்ளை என்றால், அவள் படுத்திருக்கும் நேரத்தையே மகனின் நேரமாக வையுங்கள். அவள் எழும்பினால் மூடிவிட்டு இருவரும் முற்றத்துக்கு. தகப்பனோடு வீடியோவில் கதைப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் பதினெட்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் திரையைத் தவிர்க்கச் சொன்னபோதுகூட வீடியோ அழைப்புக்கு விலக்குக் கொடுத்தது.

கனகராயன்:
நான் ஒன்று கேட்கிறேன். படித்து முடித்தால் கணினி தருவேன் என்று சொல்லிக் கொடுக்கப் போகிறீர்களா? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு இப்போதே ரியூசன் அனுப்பும் ஊர் எங்களுடையது. கணினியைப் பரிசாகக் காட்டினால் படிப்பு தண்டனையாகிவிடும். சும்மா அது அதற்கு ஒரு நேரம் என்று இருக்கட்டும்.

மல்லாவிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. மகள் பள்ளிக்கூட வான் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் படுப்பாள், ஆகவே ரீச்சர் சொன்னபடி செய்யலாம். அம்மாவிடம் கேட்டேன். சார்ஜரைத் தான் வைத்திருப்பதாகவும், பேரன் அழுதால் கொடுக்காமல் இருக்க முயற்சிப்பதாகவும் சொன்னா. ஞாயிற்றுக்கிழமை நான் நிற்கும்போது பின் போடுகிறேன், அம்மாவுக்கு விரல் அடையாளம் மட்டும் பதிந்துவிடுகிறேன். தம்பி, ஜிகொம்ப்ரிஸை யூஎஸ்பியில் போட்டுத் தர மல்லாவிப் பக்கம் யாரும் இருக்கிறார்களா? என் டேட்டாவில் இறக்கினால் கணவரோடு கதைக்க மிச்சம் இருக்காது.