ஜி1000: கார்டு போட்டும் பறந்த பதிவு வரவில்லை

மூன்றாம்_சிலிண்டர்:

வணக்கம். டெக்சாஸில் நாங்கள் நான்கு பேர் கூட்டாக ஒரு செஸ்னா 172எஸ் சிறு விமானம் வைத்திருக்கிறோம். 2006 மாடல், முன்பலகையில் கார்மின் ஜி1000 திரைகள். வெயில் காலத்தில் மேலேறும்போது மூன்றாவது சிலிண்டர் மட்டும் மற்ற மூன்றைவிட அதிகம் சூடாவது போல எனக்குத் தெரிகிறது. கூட்டாளிகளிடம் சொன்னால் உனக்கு வேறு வேலை இல்லையா என்கிறார்கள். சரி, அந்தத் திரைகள் எழுதிவைக்கும் பதிவை எடுத்து முன்னால் வைத்துவிடலாம் என்று புதிதாக ஒரு 64 ஜிபி எஸ்டி கார்டு வாங்கிப் போட்டேன். ஆறு தடவை பறந்தாயிற்று, வீட்டில் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால் கார்டு கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே காலியாக இருக்கிறது. மெனுவில் எங்காவது ஆன் செய்ய வேண்டுமா? எனக்கு அப்படி ஒன்றும் கண்ணில் படவில்லை.

வலது_இருக்கை:

ஆன் செய்ய ஒன்றுமில்லை, அதுதான் இதில் உள்ள வசதியும் வம்பும். கார்டு சரியான இடத்தில் இருந்தால் தானாக எழுதும், இல்லையென்றால் சத்தம் காட்டாமல் சும்மா இருக்கும். எந்தத் திரையில் செருகினீர்கள்? எம்எஃப்டி, அதாவது வலப்பக்கத் திரை, அதன் மேல் துளையில்தான் போட வேண்டும். பலர் தனக்கு நேரே இருக்கும் பிஎஃப்டியில் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். கீழ்த் துளையில் கை வைக்காதீர்கள், அதில் நிலப்பரப்பு, தடைகள் பற்றிய டேட்டாபேஸ் கார்டு இருக்கும், அது அங்கேயே இருக்கட்டும்.

எழுதுகிறதா என்று பார்க்கப் பறக்க வேண்டியதில்லை. தரையிலேயே மாஸ்டர், ஏவியானிக்ஸ் (மின்னணுக் கருவிகள்) சுவிட்சுகளைப் போட்டு, திரையில் ஏயுஎக்ஸ் என்ற பக்கங்களில் யுடிலிட்டி பக்கத்துக்குப் போனால் 'லாகிங் டேட்டா' என்றோ 'நோ கார்டு' என்றோ காட்டும். பார்த்ததும் அணைத்துவிடுங்கள், பேட்டரி பாவம்.

மூன்றாம்_சிலிண்டர்:

பிஎஃப்டிதான்! இடப்பக்கம் உட்கார்ந்து பழகிய கை. இன்று காலை ஹேங்கருக்குப் போய் எம்எஃப்டி மேல் துளைக்கு மாற்றினேன், அப்போதும் 'நோ கார்டு'. பூட்டு மாதிரி ஒரு சின்ன நெம்பு கார்டின் ஓரத்தில் இருக்குமே, அதுவும் திறந்துதான் இருக்கிறது.

வலது_இருக்கை:

அப்படியானால் 64 ஜிபிதான் குற்றவாளி. 32 ஜிபிக்கு மேல் வரும் கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகி வரும், இந்தப் பெட்டிக்கு அது புரியாது. 8 ஜிபி கார்டு ஒன்றை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து போடுங்கள். கார்மின் கையேட்டுக் கணக்குப்படி ஒரு ஜிபிக்கே சுமார் 1,000 மணி நேரம் அடங்கும். 8 ஜிபி நிரம்புவதற்குள் நான்கு பேரும் இரண்டு எஞ்சின் மாற்றிவிடுவீர்கள்.

சொந்தமாய்க்_கட்டியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், என்னுடையது நானே கட்டிய ஆர்வி-9ஏ விமானம், திரை டைனான் ஸ்கைவியூ. இதில் கதை தலைகீழ். பதிவு பெட்டிக்குள்ளேயே சேரும், பறந்து முடித்த பிறகு யுஎஸ்பி குச்சியில் எடுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை நொடிக்கு ஒரு தடவை எழுத வேண்டும் என்பதை செட்டப் மெனுவில் நாமே வைக்கலாம், நொடிக்கு 16 முறை வரை போகும். நான் ஆசைப்பட்டு அந்த உச்சத்திலேயே வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து பழைய பயணம் ஒன்றைத் தேடினால் இல்லை, இடம் நிரம்பி புதியது பழையதை அழித்துவிட்டிருக்கிறது. எஞ்சின் வெப்பம் பார்க்க நொடிக்கு ஒன்று தாராளம், சிலிண்டர் என்ன அரை நொடியிலா சூடாகிறது.

மூன்றாம்_சிலிண்டர்:

8 ஜிபி கார்டு போட்டதும் வந்துவிட்டது! 'லாகிங் டேட்டா' என்று பார்த்ததும் கூட்டாளிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஒவ்வொரு தடவை பவர் போடும்போதும் தனி ஃபைல், பெயரிலேயே தேதி, நேரம், பக்கத்து விமான நிலையத்தின் குறியீடு எல்லாம் இருக்கிறது. ஆனால் எக்ஸலில் திறந்து, தேதி அழகாக இல்லையே என்று கொஞ்சம் சரிசெய்து சேமித்து, வரைபடம் போட்டுத் தரும் ஒரு தளத்தில் ஏற்றினால் ஃபைல் செல்லாது என்கிறது.

வலது_இருக்கை:

கார்டில் இருப்பதை முதலில் அப்படியே நகல் எடுங்கள், ஏற்றுவது எப்போதும் அந்தக் கை படாத ஃபைலைத்தான். எக்ஸலில் திறந்து சேமித்தாலே தேதியின் வடிவம் மாறிப்போகும், ஏற்றும் தளம் தடுமாறும். மேலே உள்ள முதல் மூன்று வரிகளையும் (விமான விவரம், அலகுகள், தலைப்புகள்) அழிக்காதீர்கள். தொடக்க வரிகளில் அட்சரேகை, தீர்க்கரேகை காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஜிபிஎஸ் இன்னும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

தனியாய்ப்_பறக்கும்_மாணவி:

எங்கள் பள்ளி விமானத்திலும் இதே ஜி1000தான். நேற்று தரையில் கொஞ்சம் பலமாகவே இறக்கிவிட்டேன். அதுவும் பதிவாகியிருக்குமா, சார்?

வலது_இருக்கை:

செங்குத்து முடுக்கத்துக்கு ஒரு நெடுவரிசை இருக்கிறது, ஆனால் நொடிக்கு ஒரு வரிதான். சக்கரம் தரையில் மோதும் அதிர்ச்சி அதற்குள் வந்து போய்விடும், ஆகவே அந்த எண்ணை வைத்து மெதுவாக இறக்கினேன் என்று நீங்களும் சொல்ல முடியாது, பலமாக இறக்கினாய் என்று அவர்களும் சொல்ல முடியாது. பலமாக இருந்தது என்று உங்களுக்கே தெரிந்தால் பள்ளியில் சொல்லிவிடுங்கள் அம்மா. அடுத்து ஏறுபவருக்காகச் சக்கரத்தையும் ஃபயர்வாலையும் (எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகடு) ஒரு தடவை பார்ப்பார்கள்.

மூன்றாம்_சிலிண்டர்:

கடைசியாக, நான் சொன்னது பொய்யில்லை. நேற்று மாலை 74 நாட் (மணிக்கு 74 கடல் மைல்) வேகத்தில் ஏறியபோது மூன்றாவது 431 டிகிரி ஃபாரன்ஹீட், மற்ற மூன்றும் 390ஐ ஒட்டியே. மூக்கைத் தாழ்த்தி 85 நாட்டுக்கு வந்ததும் இரண்டு நிமிடத்தில் 404. சிவப்புக் கோடு, அதாவது தாண்டக்கூடாத வெப்பம், 500 என்று கூட்டாளி இன்னும் வாதாடுகிறார்.

கிரீஸ்_கை:

கோடு 500தான், அதற்காக அதன் பக்கத்தில் குடித்தனம் நடத்த வேண்டுமா? ஏறும்போது 400ஐத் தாண்டினாலே நான் கவனிப்பேன். சிலிண்டரைக் கழற்றும் பேச்சு இப்போதே வேண்டாம். உங்கள் மெக்கானிக்கிடம் சொல்லி மூன்றாவதன் உணரியையும் முதலாவதன் உணரியையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். சூடு உணரியோடு நகர்ந்து முதலாவதில் காட்டினால் கோளாறு உணரியில். மூன்றிலேயே நின்றால் கவ்லிங்கை (எஞ்சின் மூடி) கழற்றி, காற்றைச் சிலிண்டர் பக்கம் திருப்பும் ரப்பர் பேஃபிள் பட்டைகளைப் பாருங்கள், மடிந்து பின்பக்கம் சாய்ந்திருந்தால் காற்று சிலிண்டரைத் தொடாமல் அந்த இடுக்கு வழியே ஓடிவிடும். மாற்றிய பிறகு அதே 74 நாட்டில் ஏறி அந்த ஃபைலையும் இங்கே போடுங்கள்.