[உதவி] ராத்திரி முழுக்க மெமரி டெஸ்ட் பாஸ், கேம்ல மட்டும் கிராஷ்

நள்ளிரவு_கேமர்:
அவசரம், யாராவது சொல்லுங்க. ரேம் வேகத்தை 6000க்கு ஏத்தி டைமிங்கையும் (ஒவ்வொரு வேலைக்கும் ரேம் காத்திருக்கிற கிளாக் எண்ணிக்கை) இறுக்கி வச்சிருக்கேன். ரேமைச் சோதிக்கிற டெஸ்ட்மெம்5 ராத்திரி முழுக்க ஓடிச்சு, ஒரு பிழைகூட இல்ல. ஆனா கேம் ஆரம்பிச்சு அரை மணி முக்கால் மணி ஆனா டெஸ்க்டாப்புக்கு வந்து விழுது, சில சமயம் நீலத் திரை. கிராபிக்ஸ் டிரைவரை முழுசா நீக்கிட்டு மறுபடி போட்டாச்சு. ரேம்தான் பாஸ் ஆயிடுச்சே, அப்போ கார்டு போயிடுச்சா?

தென்றல்_பிசி:
ப்ராசசர் என்ன, போர்டு என்ன, எத்தனை ஸ்டிக், எந்த ஸ்லாட்? நீலத் திரையில ஒரே பேர் வருதா, ஒவ்வொரு தடவையும் மாறுதா? மாறிக்கிட்டே இருந்தா கார்டைவிட ரேம் மேலதான் சந்தேகம் அதிகம்.

பயோஸ்பித்தன்:
ஏஎம்5 (ஏஎம்டியோட சாக்கெட்) போர்டா இருந்தா முதல்ல எஸ்ஓசி வோல்ட்டேஜைப் (ப்ராசசருக்குள்ள மெமரி கன்ட்ரோலருக்குப் போறது) பாருங்க. 6000க்கு 1.20ல இருந்து 1.25 வரைக்கும் போதும். சில போர்டு எக்ஸ்போ (ரேம் கம்பெனியே வச்சுத் தர்ற ஓவர்கிளாக் செட்டிங்) போட்டதும் தானா 1.30க்கு ஏத்திடும். அதுக்கு மேல போகவே கூடாது. 2023ல எக்ஸ்3டி ப்ராசசர்கள் கருகினதுக்கு அப்புறம்தான் ஏஎம்டி 1.30ல உச்சவரம்பு வச்சுது. எஃப்கிளாக் (ப்ராசசரோட உள் இணைப்பு வேகம்) 2000ல நிக்கட்டும்.

மூத்தகுடி:
இந்தக் கேள்விக்கு இங்க எத்தனை தடவைதான் பதில் சொல்றது? தேடல் பெட்டி எதுக்கு இருக்கு? போர்டு கம்பெனியோட ஆதரவுப் பட்டியல்ல உங்க கிட் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா எக்ஸ்போவை மட்டும் போட்டுட்டு டைமிங்ல கைவைக்காம இருங்க. டைமிங் தெரியாதவங்க அதைத் தொடவே கூடாது.

பிட்டுக்குப்பிட்டு:
மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர் (பழைய ட்ரெயினிங் முடிவையே பூட்ல மறுபடி எடுத்துக்கிறது) ஆன்ல இருக்கா? அது ஆன்ல இருந்து பவர் டவுன் (சும்மா இருக்கிறப்போ ரேம் மின்சாரத்தைக் குறைக்கிறது) ஆஃப்ல இருந்தா இப்படித்தான் காரணமே இல்லாம விழும். ரெண்டையும் ஒண்ணா ஆன் பண்ணுங்க, இல்ல ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. ஆஃப் பண்ணா பூட் ஆகிற ஒவ்வொரு தடவையும் ட்ரெயினிங் (ரேமுக்கு ஏத்த சிக்னல் அளவைத் தேடுறது) ஓடும், திரை கொஞ்ச நேரம் கறுப்பா இருக்கும், பயப்படாதீங்க.

நள்ளிரவு_கேமர்:
7800எக்ஸ்3டி, பி650 போர்டு, 16 ஜிபி ரெண்டு ஸ்டிக், ஏ2 பி2. எஸ்ஓசி 1.22. கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர், பவர் டவுன் ரெண்டும் ஆன். நீலத் திரையில ஒவ்வொரு தடவையும் வேற பேர். டைமிங் ஒரு வீடியோவைப் பார்த்து வச்சது.

வெப்பமானி:
அந்த வீடியோவுல சொன்ன எண்களை அப்படியே இங்க போடுங்க. முக்கியமா டிஆர்இஎஃப்ஐ (ரீஃப்ரெஷ் இடைவெளி), டிஆர்எஃப்சி (ஒரு ரீஃப்ரெஷுக்கு ஆகிற நேரம்), விடிடி (ரேம் வோல்ட்டேஜ்) மூணும்.

நள்ளிரவு_கேமர்:
30-36-36-76, டிஆர்எஃப்சி 480, டிஆர்இஎஃப்ஐ 65535, விடிடி 1.43.

வெப்பமானி:
சந்தேகப்பட்டது இதைத்தான். கார்டு மேல தப்பு இருக்கிற மாதிரி தெரியல.

ரேமில ஒவ்வொரு பிட்டும் ஒரு துளி மின்னூட்டம். அது கசிஞ்சுக்கிட்டே இருக்கும், அதனால குறிப்பிட்ட இடைவெளியில ரீஃப்ரெஷ் பண்ணணும். அந்த இடைவெளிதான் டிஆர்இஎஃப்ஐ. டிடிஆர்5 தரநிலைப்படி 85 டிகிரி வரைக்கும் 3.9 மைக்ரோவினாடி, அதைத் தாண்டினா அதுல பாதி. 6000ல ஓடுற ரேமுக்கு 3.9 மைக்ரோவினாடின்னா 11700 கிளாக். நீங்க வச்சிருக்கிற 65535 கிட்டத்தட்ட 21.8 மைக்ரோவினாடி, அதாவது அஞ்சரை மடங்குக்கு மேல. சில்லுனு இருக்கிற ரேம் அதைத் தாங்கும். சூடு ஏற ஏற கசிவு வேகமாகும், அடுத்த ரீஃப்ரெஷ் வர்றதுக்குள்ள பிட் சாஞ்சிடும்.

டெஸ்ட்மெம்5 ஓடும்போது கார்டு சும்மா இருக்கு. கேம்ல அது முழு வேகத்துல சூட்டைக் கக்குது. இப்போ வர்ற கார்டு பலதுல வால் பக்கம் திறந்திருக்கும், அந்த விசிறி காத்தை நேரா மேல தள்ளும். மேல இருக்கிறது உங்க ரேம். அரை மணி நேரம்ங்கிறது பெட்டிக்குள்ள சூடு ஏறி நிலைக்கு வர்ற நேரம்.

எச்டபிள்யூஇன்ஃபோ சாப்ட்வேர்ல எஸ்பிடி ஹப் டெம்பரேச்சர்னு ஸ்டிக்குக்கு ஒண்ணு காட்டும். கேம் ஓடும்போது அதோட உச்சத்தைப் பாருங்க. ஆர்ஜிபி சாப்ட்வேரை மூடிட்டுப் பாருங்க, ரெண்டும் ஒரே பஸ்ல பேசினா தப்புத் தப்பா எண் வரும். அந்த சென்சார் ஸ்டிக்கோட பலகையில இருக்கு, சிப் அதைவிடச் சூடா இருக்கலாம்.

பயோஸ்பித்தன்:
எனக்கு இன்னும் எஃப்கிளாக் மேல ஒரு கண்ணு இருக்கு. ஈவென்ட் வியூவர்ல டபிள்யூஎச்இஏ 19 (விண்டோஸ் பதியற ஹார்டுவேர் பிழை) இருக்கான்னு பாருங்க.

வெப்பமானி:
பாக்கட்டும், தப்பில்ல. ஆனா அது இல்லன்னா எஃப்கிளாக் சரியா இருக்குன்னு முடிவு கட்டிட முடியாது.

கசடற_பைட்:
ஒரு சந்தேகம். டிடிஆர்5 சிப்புக்குள்ளயே ஈசிசி (பிழை திருத்தி) இருக்கே? கசிவால சாயற பிட்டை அதுவே திருத்திக்காதா?

மூத்தகுடி:
அது விளம்பரத்துக்குப் போட்டது. நிஜ ஈசிசி சர்வர் ரேம்ல மட்டும்தான்.

பிட்டுக்குப்பிட்டு:
விளம்பரம்னு தள்ளிவிடாதீங்க, அது நிஜமாவே வேலை செய்யுது. 128 பிட்டுக்கு 8 பிட் காவல், அதுல ஒரு பிட் சாஞ்சா திருத்தும். ஒரே கூட்டத்துல ரெண்டு சாஞ்சா கைவிட்டுடும். சிப்புல இருந்து ப்ராசசருக்குப் போற வழியில கெட்டா அதுக்குத் தெரியவே தெரியாது. திருத்தினதை விண்டோஸுக்குச் சொல்றதும் இல்ல. பக்கவாட்டு ஈசிசி இருக்கிற ஸ்டிக் வேற ரகம், அதுல ஒவ்வொரு 32 பிட் துணைச்சேனலுக்கும் தனியா சிப் இருக்கும்.

மூத்தகுடி:
சொல்லாத பாதுகாப்பு என்ன பாதுகாப்பு?

பிட்டுக்குப்பிட்டு:
சிப்பை அடர்த்தியா செஞ்சாலும் தேறி வரணும்னுதான் அதை வச்சாங்க, ஓவர்கிளாக் பண்றவங்களைக் காப்பாத்த இல்ல. இன்னொண்ணையும் கவனிங்க: ஒத்தை பிட் பிழையை அது மறைச்சிடுறதால, கசிவு வெளிய கிராஷா தெரியும்போது நிலைமை ஏற்கெனவே மோசமாத்தான் இருக்கும். ஓரத்துல நிக்கிறோம்னு எச்சரிக்கையே கிடைக்காது.

தென்றல்_பிசி:
இந்த விவாதத்தைத் தனி இழையில வச்சுக்கலாமே, கேட்டவர் காத்துக்கிட்டு இருக்கார்.

நள்ளிரவு_கேமர்:
பார்த்துட்டேன். டெஸ்ட்மெம்5ல உச்சம் 49. கேம்ல 64! டபிள்யூஎச்இஏ எதுவும் இல்ல. இப்போ என்ன பண்றது?

வெப்பமானி:
ஒரே நேரத்துல எல்லாத்தையும் மாத்தாதீங்க, எதனால சரியாச்சுன்னு தெரியாமப் போயிடும். டிஆர்இஎஃப்ஐயை மட்டும் 32767க்கு இறக்கிட்டு அதே கேமை அதே நேரம் விளையாடுங்க. நின்னுச்சுன்னா காரணம் உறுதி.

வேகம் போயிடுமேன்னு யோசிக்காதீங்க, கணக்கைப் பாருங்க. டிஆர்எஃப்சி 480. ரீஃப்ரெஷுக்குப் போற நேரம் 11700ல 4.1 சதவீதம், 32767ல 1.5, 65535ல 0.7. பெரிய லாபம் 32767லயே கைக்கு வந்துடுது. மிச்சம் இருக்கிற 0.8 சதவீதத்துக்காக 64 டிகிரியில பந்தயம் கட்ட வேண்டாம்.

அப்புறம் விடிடியை 1.38க்குக் கொண்டு வாங்க. டிடிஆர்5ல பவர் சிப் ஸ்டிக்லயே உக்காந்திருக்கு, வோல்ட்டேஜ் குறைஞ்சா அந்தச் சூடும் குறையும். 1.38ல பிழை வந்தா 0.01 ஏத்துங்க. கடைசியா, 120 மிமீ விசிறி ஒண்ணு ரேம் மேல நேரா வீசுற மாதிரி வைங்க. மெதுவா சுத்தினாலே போதும், ஏன்னா ஸ்டிக் ரெண்டுக்கும் நடுவுல காத்தே நகராம இருக்கிறதுதான் சிக்கல்.

இனிமே சோதிக்கும்போது டெஸ்ட்மெம்5 எக்ஸ்ட்ரீம் கான்ஃபிகோட, கார்டைச் சூடேத்துற ஃபர்மார்க்கையும் சேர்த்து ஓட்டுங்க, பெட்டிக் கதவை மூடி. கதவு திறந்து வச்சுப் பாஸ் ஆனதுக்கு மதிப்பில்ல.

மூத்தகுடி:
7800எக்ஸ்3டில 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி) இருக்கு. கேமுக்கு ரேம் டைமிங்கால பெரிசா ஒண்ணும் கிடைக்காது. வீண் உழைப்பு.

வெப்பமானி:
மத்த ப்ராசசரைவிடக் குறைவா கிடைக்கும், அது உண்மை. ஆனா எல்3க்குள்ள அடங்காத கேம்ல வித்தியாசம் தெரியும், முக்கியமா குறைந்தபட்ச ஃப்ரேம்ல. அவர் விருப்பம்.

தென்றல்_பிசி:
ஒண்ணை மறந்துடாதீங்க நண்பரே. இத்தனை நாள் தப்பான பிட் டிஸ்க்ல எழுதியிருக்கலாம். ரேம் நிலையானதும் விண்டோஸ் ஃபைலைச் சரிபண்ண அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல முதல்ல டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த், அடுத்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஓட்டுங்க. கேம் ஃபைலையும் சரிபார்க்கச் சொல்லுங்க. நிலையில்லாத ரேம்ல பயோஸ் அப்டேட் மட்டும் பண்ணிடாதீங்க.

நள்ளிரவு_கேமர்:
32767, 1.38, விசிறி வச்சாச்சு. கேம்ல 55. கிராஷ் இல்ல. நன்றி எல்லாருக்கும்.

கசடற_பைட்:
இதே கிட்ல இன்னொரு ஜோடி வாங்கி நாலு ஸ்டிக்கா போட்டா 6000 ஓடுமா?

பயோஸ்பித்தன்:
நம்பி வாங்காதீங்க. ரைசன் 7000ல நாலு ஸ்டிக்குக்கு ஏஎம்டி உறுதி தர்றது 3600தான், ரெண்டுக்கு 5200. ஒரே மாடல் நம்பர்னாலும் ரெண்டு பெட்டிக்குள்ள வேற வேற சிப் இருக்கலாம். 64 ஜிபி வேணும்னா 32 ஜிபி ரெண்டு ஸ்டிக்கா, ஒரே கிட்டா வாங்குங்க.

வெப்பமானி:
@நள்ளிரவு_கேமர் மூணையும் ஒரே மூச்சுல மாத்திட்டீங்களா? ஃபர்மார்க்கோட சேர்த்து ஓட்டிப் பார்த்தீங்களா, எஸ்எஃப்சி என்ன சொல்லுச்சு?