வினையெச்சத்தின் பின்னால் முற்றுப்புள்ளி இடலாமா?

கிளிநொச்சி வாசகி:
அனைவருக்கும் வணக்கம். சிறுபோகத்துக்காக இரணைமடுக் குளத்தின் துருசு (மதகு) வழியாகத் தண்ணீர் திறந்துவிடப்படும் நாளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஓரிடம் இப்படி அமைந்திருக்கிறது: “துருசால் பாய்ந்து. வாய்க்காலில் இறங்கி. வெடித்துக் கிடந்த மண்ணை நனைத்து. எங்கள் வயலுக்கு வந்தது தண்ணீர்.” எச்சத்தில் வாக்கியம் முடியாது என்பதால் முதல் மூன்று முற்றுப்புள்ளிகளும் பிழை என்கிறார் வாசித்துப் பார்த்த ஒருவர். வாசிப்பவர் அந்தத் தண்ணீருக்காக என்னோடு காத்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இப்படி எழுதுவது தகுமா?

மாங்குளத்தார்:
தங்கச்சி, இலக்கணப்படி அவர் சொல்வது சரி. ஆனால் உங்கள் வரி உயிர் பெறுவதும் அந்த இலக்கணத்தால்தான். ‘பாய்ந்து’ என்று கேட்டவுடன் தமிழ்க் காது ஒரு வினைமுற்றை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. அந்த எதிர்பார்ப்பு நிறைவேறுவதற்கு முன் முற்றுப்புள்ளி வந்து வழியை மறித்தால், வாசிப்பவர் அடுத்த சொல்லைத் தேடி முன்னே சாய்கிறார். எழுவாயாகிய ‘தண்ணீர்’ கடைசியில் வருவது அந்தக் காத்திருப்பை இன்னும் நீட்டுகிறது.

ஆனால் மூன்று இடங்களில் வேண்டாம். முதலாவது புள்ளி திடுக்கிட வைக்கும். இரண்டாவதில் உத்தி தெரிந்துவிடும். மூன்றாவதில் வாசகர் தண்ணீரை விட்டுவிட்டுப் புள்ளிகளையே பார்ப்பார். ஒன்றை மட்டும் வைப்பதானால் நான் ‘நனைத்து’ என்பதன் பின்னால் வைப்பேன். வயல் செய்தவர்களுக்குத் தெரியும், வெடித்த மண்ணை அடைந்ததும் தண்ணீரின் முகம் சற்றே நின்றுவிடும்; வெடிப்புகள் குடித்து முடித்த பிறகுதான் அது மேலே நகரும். தண்ணீர் நிற்கும் இடத்திலேயே வாக்கியமும் நிற்கட்டும்: “துருசால் பாய்ந்து, வாய்க்காலில் இறங்கி, வெடித்துக் கிடந்த மண்ணை நனைத்து. எங்கள் வயலுக்கு வந்தது தண்ணீர்.”

இதற்கு எதிர்த்திசையிலும் செய்து பாருங்கள். வினைமுற்றுகளுக்கிடையே காற்புள்ளி மட்டும் இட்டு, “வந்தது, நிறைந்தது, வழிந்தது, அடுத்த வயலுக்குப் போனது” என்று எழுதினால் ஓட்டம் வந்துவிடும்.

முள்ளியவளை ஆசிரியை:
மாங்குளம் அண்ணா சொன்னதோடு உடன்படுகிறேன். ஏட்டுச்சுவடிகளில் நிறுத்தற்குறிகளும் இல்லை, சொற்களுக்கிடையே வெளியும் இல்லை. மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட, ஓலை கிழியும் என்பதால் பெரும்பாலும் இடாமலே விட்டார்கள். எங்கே நிறுத்துவது என்பதை வாசிப்பவரின் குரலே தீர்மானித்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றோர் அச்சு உரைநடையில் குறிகளைப் பரவலாக்கிய பிறகும், காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, முற்றுப்புள்ளிக்கு நான்கு மாத்திரை என்று நேரத்தை வைத்தே இலக்கண நூல்கள் அவற்றைப் பிரித்தன.

ஓசைக்காக வழக்கத்துக்கு மாறாக எழுதுவது நமக்குப் புதிதும் அன்று. 15ஆவது குறளில் ‘கெடுப்பதும்’ என்றே எழுதியிருந்தாலும் தளை கெட்டிருக்காது. ஆயினும் ‘கெடுப்பதூஉம்’ என்று ஓர் எழுத்தைக் கூட்டி எழுதியது இனிய ஓசைக்காகவே. இன்னிசை அளபெடை என்று இலக்கணமே அதற்குப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டுள்ளது. ஆகவே, உங்கள் பத்தியை உரத்து வாசியுங்கள். குரல் நான்கு மாத்திரை நிற்க மறுக்கும் இடத்தில் முற்றுப்புள்ளி வேண்டாம். முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, நிறுத்தமும் பாட்டின் ஒரு பகுதி என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

வவுனியா வாசகர்:
சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளும் இங்கே வாசிப்பதால் ஒன்று சொல்ல வேண்டும்: விடைத்தாளில் இதைச் செய்யாதீர்கள், அங்கே இது பிழையாகவே கணிக்கப்படும். கட்டுரையிலும் சிறுகதையிலும் இதை நான் வரவேற்கிறேன். நான் அஞ்சுவது முப்புள்ளியைத்தான். சொல்ல வந்ததை முடிக்காமல் ஒவ்வொரு வரியிலும் மூன்று புள்ளிகளைத் தொங்கவிடும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது. எல்லா வரியும் இழுபட்டால் எந்த வரிக்கும் நீளம் இல்லாமல் போகிறது.

ஆனால் புள்ளி வைக்கும் இடத்தில் மாங்குளத்தாரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ‘இறங்கி’ என்பதன் பின்னால் நிறுத்திவிட்டு, ‘நனைத்து’ என்பதிலிருந்து தடையின்றி வயல்வரை ஓடவிட்டால், தண்ணீர் வந்து சேரும் வேகம் கூடுதலாகத் தெரியும் என்று நினைக்கிறேன். இரண்டு வடிவங்களையும் கட்டுரையின் முழுப் பத்திக்குள் வைத்து இங்கே பதியுங்கள், தங்கச்சி. முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களின் நீளம் தெரியாமல் இதைத் தீர்க்க முடியாது.