மறு: பார்ப்பவர் கையில் நடக்கும் சீட்டு வித்தைக்குச் சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவரே தன் கையால் சீட்டைப் போட்டு நடத்தும் வித்தைக்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறோம். இதுவரை வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> "ஊடாட்ட அண்மைச் சீட்டு மாயவித்தை" என்று வைக்கலாம்.

அக்கா, பொருளில் குறையே இல்லை. ஆனால் இந்தச் சொல் போகப்போவது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் குறிப்புத்தாளுக்கு. வீட்டில் ஆங்கிலம் பேசி வளரும் பிள்ளைகள் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நான்கு சொல்லைக் கோத்துக் கொடுத்தால் நாக்கில் நிற்காது. ஊடாட்டம் என்றால் எனக்கே கணினித் திரைதான் நினைவுக்கு வருகிறது.

வித்தையை ஒருமுறை பார்த்துவிடலாம். வகுப்பில் நாங்கள் செய்வது இருபத்தொரு சீட்டு வித்தை. இங்கே துனி என்ற சீட்டாட்டம் ஆடாத நம்மவர் வீடு குறைவு, அதனால் சீட்டுக்கட்டுக்குப் பஞ்சமில்லை. துனிக்கு 24 சீட்டு: ஜாக்கி, ஒன்பது, ஆஸ், பத்து, ராஜா, ராணி, நான்கு வகையிலும். மூன்றை எடுத்து ஓரமாக வைத்தால் 21. எதிரில் இருக்கும் பிள்ளை ஒரு சீட்டை மனதில் வைத்துக்கொள்ளும். பெரும்பாலும் ஜாக்கிதான், துனியில் 30 புள்ளி அதற்குத்தானே. அப்புறம் அந்தப் பிள்ளையே சீட்டுகளை முகம் தெரிய, இடமிருந்து வலமாக வரிசைக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டு, நெடுக்காக மூன்று வரிசை ஆக்கும். ஒவ்வொரு வரிசையிலும் ஏழு. தன் சீட்டு எந்த வரிசை என்று மட்டும் சொல்லும். அந்த வரிசையை மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்துச் சீட்டுக்கட்டை அடுக்கும். இப்படி மூன்று முறை. பிறகு மேலிருந்து எண்ணினால் 11-வது சீட்டு அதுதான்.

காரணம் கணக்கு. முதல் அடுக்கலில் அந்தச் சீட்டு 8 முதல் 14 வரை எங்கோ இருக்கும். இரண்டாவதில் 10, 11, 12 என்று சுருங்கும். மூன்றாவதில் நடுவில் வந்து நிற்கும். 24 சீட்டையும் வைத்து ஆடினால் 12-ஆ 13-ஆ என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குத்தான் மூன்றை ஒதுக்குகிறோம்.

வித்தை காட்டுபவர் ஒரு சீட்டைக்கூடத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். 1942-இல் அமெரிக்க வித்தைக்காரர் பால் கர்ரி வெளியிட்ட புகழ்பெற்ற வித்தையிலும், சீட்டின் முகத்தைப் பாராமலே சிவப்பையும் கறுப்பையும் பிரிப்பவர் பார்வையாளர்தான். இந்த வகையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் அதற்கு அடுத்தபடி.

ஆகவே என் முன்மொழிவு: உடன்கை வித்தை. பார்ப்பவர் கையும் உடன் சேர்ந்து செய்யும் வித்தை. உடன்பிறப்பு, உடன்பாடு என்று புழங்கும் சொற்களின் வரிசையில் இயல்பாக உட்காரும். சீட்டு என்று குறிப்பிட வேண்டிய இடத்தில் உடன்கைச் சீட்டு வித்தை.

> பங்கேற்பு வித்தை போதாதா?

போதாது ஐயா. மேடையில் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரும் பங்கேற்கிறார்தான். வித்தை அவர் கையில் நடப்பதில்லை.

> செப்படி வித்தை என்ற பழைய சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே.

எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. செப்பைக் கவிழ்த்து, அடியில் பந்தை வரவழைப்பதும் மறைப்பதுமாக, சுற்றி நிற்பவர் கண்ணுக்கு எதிரிலேயே செய்தது. அண்மை வித்தை என்றால் அதைவிட வேறென்ன? ஆனால் அதில் எல்லாம் செய்பவரின் கைத்திறன். பேச்சில் ஏமாற்று என்ற பொருளும் ஏறிவிட்டது. பிள்ளைகளிடம் அந்த நிழலோடு கொடுக்க எனக்கு மனமில்லை.

உதவும் பார்வையாளரைக் கூட்டாளி என்று மட்டும் எழுத வேண்டாம். முன்கூட்டியே பேசி வைத்த ஆள் என்றாகிவிடும். உடன்கையர் என்றே சொல்லலாம்.

நாம் விரும்பும் சீட்டையே அவர் எடுக்கும்படி செய்வதற்குத் திணிப்பு என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். திணித்தால் வாங்குபவருக்குத் தெரியும். இங்கே அவர் தானே தேர்ந்ததாக நம்ப வேண்டும். "தள்ளிவிடுதல்" எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. செல்லாத நோட்டைத் தள்ளிவிட்டான் என்கிறோமே, அதே தள்ளிவிடுதல்தான்.

கலை, வெட்டு, போடு, அடுக்கு என்ற வினைகளை அப்படியே விட்டுவிடுவோம். அவற்றுக்குப் புதுச்சொல் தேவையில்லை. ஆட்டின், டைமன் என்ற சீட்டு வகைகளின் பெயர்களைத் தனி இழையில் பேசலாம். தாள் அச்சுக்குப் போக வேண்டும்; உடன்கையில் மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள்.